பதினோராவது தட்டு

அசோக் நகர், சென்னை

அன்புள்ள கண்ணனுக்கு,

டொராண்டோவின் பழைய இசைத்தட்டுக் கடையிலிருந்து நீ அனுப்பிய இரண்டு ஜாஸ் சிடி பெட்டிகளின் படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று சாக்ஸபோன்காரர் ஹாங்க் மோப்லி 1963 முதல் 1970 வரை புளூ நோட் கம்பெனிக்காக வாசித்தவை, 8 சிடி. மற்றொன்று பழைய ரேடியோ கச்சேரிகளின் சேவரி தொகுப்பு, 6 சிடி. இரண்டும் உறை பிரிக்காதவை என்றும், இரண்டுமே இனி வராது என்று கடைக்காரர் சொல்கிறார் என்றும், என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடட்டுமா என்றும் கேட்டாய். நான் போனில் பட்டென்று வேண்டாம் என்றது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால்தான். உன் முகம் வாடியது குரலிலேயே தெரிந்துவிட்டது. இப்போது ஆற அமர யோசித்து எழுதுகிறேன். சேவரியை வாங்கு. மோப்லியை அங்கேயே விட்டுவிடு.

ஏன் என்று கேட்பாய். "இனி வராது" என்பதை நான் நாற்பது வருடமாகக் கேட்டுவருகிறேன். அதை நம்பிக் காசைக் கரைத்திருக்கிறேன், நம்பாமல் கோட்டையும் விட்டிருக்கிறேன்.

திருவல்லிக்கேணி வீட்டில் பெரிய மாமா வைத்திருந்த வால்வு ரேடியோவில், எழுபதுகளில், இரவு நேரத்தில் சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சி வரும். வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் நடத்திவந்த நிகழ்ச்சி அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த இசை அந்நியமாகப் படவில்லை. ஒரு பல்லவியை வைத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் விரித்துக்கொண்டே போய், கடைசியில் எல்லோரும் எடுப்பில் வந்து சேருவது எந்த ஊரில் நடந்தால் என்ன? (ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் 1958இல் சென்னைக்கே வந்து வாசித்துவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்துகொண்டபோது, இரண்டு மூன்று வருடம் முன்னால் பிறந்திருக்கக் கூடாதா என்று அங்கலாய்த்தேன், பிறந்திருந்தாலும் தூளியில்தான் கிடந்திருப்பேன்.) கல்லூரி நாட்களில் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போன இசைத்தட்டுகளைக் கிளறி, டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி ஆகியோரின் ஜாஸ் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒரு சனிக்கிழமை ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்தேன். 1985 மே மாதக் கடைசியில் மார்க்கெட்டே எரிந்துபோனது. என்னிடம் உள்ள அவசரத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன். இரண்டுமே மொசைக் என்ற சின்னக் கம்பெனி போட்டவை. அதை மைக்கேல் கஸ்கூனா, சார்லி லூரி என்ற இருவர் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தார்கள். புளூ நோட்டின் கிடங்கில் பழைய நாடாக்களைத் துழாவிய கஸ்கூனாவுக்கு, பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் வாசித்து அதுவரை வெளிவராத சுமார் அரை மணி நேரம் கிடைத்தது. தனி ஆல்பமாகப் போட அது போதாது, தூக்கிப்போடவும் மனசு வராது. அப்படியானால் மாங்க் புளூ நோட்டுக்காக வாசித்த எல்லாவற்றையும், ஒதுக்கப்பட்ட மாற்று வாசிப்புகள் உட்பட, நாள்வாரியாக அடுக்கி ஒரே பெட்டியாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. 1983இல் 4 எல்பியாக அது வந்தது. இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இசை மொசைக்குக்குச் சொந்தமானது அல்ல. சொந்தக்காரக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுக்கிறார்கள்; இத்தனை பிரதி, இத்தனை காலம் என்று பேச்சு. குத்தகை நிலத்தில் பேசிய போகம் முடிந்ததும் நிலம் உடையவரிடமே திரும்பிப் போவது போல, எண்ணிக்கை தீர்ந்ததும் இசை திரும்பிப் போய்விடுகிறது. பெட்டியில் எண் போட்டிருப்பதைப் பார்த்து அதை ஏதோ ராஜ மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. அது குத்தகைச் சீட்டின் எண், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு பெட்டி தீரும்போது நான் கேட்கும் கேள்வி, நிலம் யாருடையது, அவர்கள் மறுபடியும் பயிரிடுவார்களா என்பதுதான். மாங்க்கின் அதே பதிவுகளை 1994இல் புளூ நோட்டே 4 சிடியாகக் கொண்டுவந்தது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டை அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஹெர்பி நிக்கோல்ஸ் என்று ஒரு பியானோக்காரர். 1955இலும் 1956இலும் புளூ நோட்டுக்காக வாசித்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை, 1963இல் 44 வயதில் போய்ச் சேர்ந்தார். 1987இல் மொசைக் அவருடைய புளூ நோட் பதிவுகளை 5 எல்பியாகப் போட்டது. பெரிய மாமா அப்போது நியூ ஜெர்சியில் இருந்தார். இங்கிருந்து டாலர் அனுப்புவது நினைத்துப் பார்க்க முடியாத காலம். மாமா அங்கே கொடுத்த பணத்துக்கு ஈடாக நான் இங்கே பாட்டியின் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வது என்று கணக்குப் பேசிக்கொண்டோம். தீர்ந்துவிடும், தீர்ந்துவிடும் என்று அவரைக் கடிதத்திலேயே விரட்டி வாங்கவைத்தேன். பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது, நம் வீட்டில் இருந்தது ஒரு பழைய ஃபியஸ்டா பிளேயர். அதன் ஊசி தட்டில் இறங்கும் கனத்தைப் பார்த்தால் மண்வெட்டி இறங்குவது போல இருக்கும். ஒரு பக்கத்தை ஒரே ஒரு முறை போட்டுவிட்டு, பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டேன். கையேட்டில் ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த புகைப்படங்களை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். 1997இல் அதே பதிவுகள் 3 சிடியாகச் சாதாரணமாகக் கடைக்கு வந்தன.

அந்தச் செலவுக்கு நடுவில்தான், 1991இல், நாட் கிங் கோல் தன் டிரையோவோடு கேபிடல் கம்பெனிக்காகப் பதிவு செய்தது அத்தனையும் ஒரே பெட்டியாக வந்தது; சிடியில் 18, எல்பியில் 27. கோல் என்றால் உருக்கமாகப் பாடுபவர் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். அந்த டிரையோவில் டிரம்ஸ் கிடையாது. பியானோ, கிடார், பாஸ் மூன்று மட்டுமே, ஆனாலும் தாளம் ஓர் இடத்திலும் தொய்யாது. மாமா கடிதம் எழுதிக் கேட்டார். ஏற்கனவே அவருக்குக் கடன்பட்டிருந்த கூச்சத்தில், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் போட்டேன். நான் தயாரானபோது தீர்ந்துவிட்டது. அந்தப் பெட்டி அப்படியே முழுதாக மறுபடியும் வரவே இல்லை. திரும்பி வரக்கூடியதைப் பதறி வாங்கினேன். திரும்பி வராததை நிதானமாக விட்டேன்.

இப்போது உன் இரண்டு பெட்டிகளைப் பார். மோப்லியின் தேன் போன்ற டெனர் சாக்ஸபோன் எனக்கும் பிடிக்கும். 'டிப்பின்' ஆல்பத்தை வாரம் ஒரு முறையாவது போட்டுவிடுவேன். ஆனால் அந்த நிலத்துக்கு உடையவர் இருக்கிறார், விடாமல் பயிர் செய்கிறார். அந்த ஆல்பங்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெட்டியில் கூடுதலாகக் கிடைப்பது நாள்வாரி வரிசையும் கட்டுரையும் நல்ல படங்களும். அதற்கு அந்த விலை அதிகம்.

சேவரி வேறு ஜாதி. பில் சேவரி ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளர். முப்பதுகளின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பான ஜாஸ் கச்சேரிகளைத் தன் ஆசைக்காகத் தட்டுகளில் வெட்டிப் பதிவு செய்துகொண்டார். வீட்டில் வைத்துப் பூட்டினார், கேட்டவர்களுக்கும் பெரும்பாலும் கொடுக்கவில்லை. 2004இல் அவர் இறந்த பிறகு, 2010இல்தான் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தத் தட்டுகளை அவருடைய மகனிடமிருந்து வாங்கியது. மயிலாப்பூர் மாமாக்கள் சபாவின் முதல் வரிசையில் ஸ்பூல் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து பதிவு செய்து, பீரோவில் வைத்துப் பூட்டி, யாருக்கும் காட்டாமல் போய்ச் சேர்ந்த கதை உனக்குத் தெரியும் அல்லவா? அதேதான். சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் ஸ்டூடியோவில் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' 78 சுற்றுத் தட்டுக்கு அடங்கும்படி மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு மேடையில் அவர் அதையே ஏறக்குறைய ஆறு நிமிடம் வாசிப்பது சேவரியின் தட்டில் இருக்கிறது. தட்டு தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லாமல் அவர் மூச்சை இழுத்துவிட்டு வாசிப்பதை நான் ஒரே ஒரு முறை, ஒரு நண்பர் வீட்டில், கேட்டிருக்கிறேன். அந்தப் பதிவுகளில் பல தரவிறக்கமாகவும் வந்தன என்பது உண்மை. ஆனால் தரவிறக்கம் ஒரு நாள் சத்தமில்லாமல் மறைந்தால் மறைந்ததுதான். யார் எந்த இரவில் எந்த இடத்தில் வாசித்தார் என்று சொல்லும் கையேடும் அதோடு வராது.

என்னிடம் உள்ளவற்றில் சேவரிக்கு அண்ணன் முறையில் ஒன்று உண்டு. நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது, "இது என்னம்மா, பாட்டு நடுவிலேயே ஆரம்பித்து நடுவிலேயே நின்றுபோகிறது, சிடி கெட்டுவிட்டதா?" என்று கேட்பாயே, அதுதான். டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன்காரர், 1947இலும் 1948இலும் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசிக்கும் இடங்களுக்கெல்லாம் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். பார்க்கரின் தனி வாசிப்பு முடிந்த நொடியில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வாசித்தது அவருக்குப் பொருட்டே இல்லை. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டது போல. சில துண்டுகள் சில நொடிகள்தான். பெனடெட்டி 1957இல் இறந்துபோனார். அந்தப் பதிவுகள் வெறும் கட்டுக்கதை என்றே பலரும் நினைத்திருக்க, அவருடைய சகோதரரிடமிருந்து கிடைத்து, 1990இல் 7 சிடியாக வந்தது. ஒருவருடைய பைத்தியக்காரத்தனம் இல்லாவிட்டால் அந்த வாசிப்பு இந்த உலகத்தில் இருந்திருக்காது என்னும்போது, அது தீர்ந்துபோகும் முன் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தபோது நான் முதலில் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தது அந்தப் பெட்டியை. அரிசி மூட்டை இரண்டாவது. அப்பா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

வாங்கும்போது உறை பிரிக்கவில்லை என்று பெருமைப்படாதே. வீட்டுக்கு வந்ததும் பிரித்து, 6 தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். எல்லாவற்றையும் ஒரு முறை போட்டுக் கேள். குறை இருந்தால் கடைக்காரர் முகம் மறப்பதற்குள் திருப்பிக் கேட்க வேண்டும். பெட்டிக்குள் பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் ஏதாவது இருந்தால் எடுத்துப் போட்டுவிடு. பழைய பெட்டிகளில் அது நாளடைவில் இளகித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. கூரியரில் அனுப்பாதே, மார்கழிக்கு வரும்போது கைப்பையில் எடுத்து வா. இந்த ஊர் ஈரத்தில் கையேட்டில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், மருந்துப் பாட்டில்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நாட் கிங் கோல் பெட்டி நம் வீட்டில் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். இருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, உன்னிடமும் அப்பாவிடமும் விலையைச் சொல்லாமல், பழையதாக வாங்கினேன். மேலே ஒரு கீறல்கூட இல்லை, எண்ணும் சரியாக இருந்தது. முதல் 10 தட்டைக் கேட்டு முடிக்க மூன்று வாரம் ஆனது. பதினோராவதைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. விற்றவருக்கு நான்கு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. இன்றுவரை பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவித்தான் கேட்கிறேன். உன் கடைக்காரரிடம் ஜோடி பிரிந்த ஒற்றைத் தட்டுகள் போட்டுவைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். எல்லாப் பழைய கடையிலும் இருக்கும். மோப்லிக்கு ஒதுக்கிய நேரத்தில் அதைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பாயா? 11 என்று போட்டிருக்கும்.

அன்புடன்,
அம்மா