கொஞ்ச தூரம்தானே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் விபத்து என்று பேச்சு வந்தாலே, ரோடு சரியில்லை, போலீஸ் கண்டுகொள்வதில்லை என்று முடித்துவிடுகிறோம். பொய்யில்லைதான். ஆனால் முழுக்க நம் கையிலேயே இருக்கிற ஒன்றும் உண்டு: ராங் ரூட்.

லாலி ரோடு உட்படப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா, யூ டர்ன் என்று மாற்றினார்கள். காத்துக்கிடப்பது குறைந்தது, நல்லதுதான். ஆனால் யூ டர்ன் தள்ளிப்போன இடங்களில், 'அவ்வளவு தூரம் யார் சுற்றுவது' என்று ஓரமாகவே எதிர்த்திசையில் வண்டியை விடுகிறார்கள். சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். வண்டி வர வேண்டிய பக்கம் அதுதானே. இடப்பக்கத்திலிருந்து, ஹெட்லைட் போட்ட தைரியத்தில், ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். ஓட்டி வருபவர் வெளியூர்க்காரர் இல்லை, பக்கத்துத் தெருக்காரர். டியூஷனுக்குப் போகும் பிள்ளை முன்னால் நிற்கும், தலையில் ஹெல்மெட் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, எதிர்த்திசையில் ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைக்கும் இடமிருக்கிறது. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம். சரி, அதற்காகச் சந்துக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா?

அடுக்குமாடிச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கும் மெயின்டனன்ஸ் பாக்கிக்கும் நடக்கிற சண்டையில் கால்வாசி இதற்கு நடந்தால் போதும். எங்கள் கேட்டிலிருந்து யாரும் ராங் ரூட்டில் திரும்பக் கூடாது என்று ஒரு தீர்மானம், வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை. தெரிந்த முகம் கேட்டால் கூச்சம் வரும். அபராத ரசீதுக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை. தெருமுனைக் கடைக்காரர்களும், வளைவை மறைத்து நிற்கும் வண்டிகளைத் தள்ளி நிறுத்தச் சொல்லலாம்.

சில இடங்களில் யூ டர்ன் உண்மையிலேயே அதிகத் தூரம். சிக்னல் போனதால் வண்டிகள் நிற்பதே இல்லை. வயதானவர்கள் சாலையைக் கடக்க முடியாமல் தவிக்கிறார்கள். இதை, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில், எந்த இடம், எந்த நேரம் என்று போட்டோவோடு எழுதிக் கொடுக்க வேண்டும். நாமோ கவுன்சிலரைப் பார்த்தால் வேகத்தடை மட்டும்தான் கேட்கிறோம். அதையும் வெள்ளைக்கோடு இல்லாமல் போட்டுவிட்டுப் போனால், இரவில் அதில் விழுவதும் நம் தெருக்காரர்தான்.

பகுதி சபை எந்த வார்டில் என்றைக்கு, எங்கே என்பது பலருக்கும் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. உங்கள் கோவைப் பதிப்பில் அந்தப் பட்டியலை ஒரு வாரம் முன்னதாகவே வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பீளமேடு, கோவை