முதல் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிரலாக்கத்தின் முதல் பாடங்களை எழுதுகிறவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பாடங்களை நம்பித்தான் நிரல் எழுதக் கற்றுவருகிறேன். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள். "இப்போதைக்கு இப்படியே எழுதுங்கள், பின்னால் புரியும்" என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புதிதாகக் கற்பவர்கள் கேட்கும் பெரும்பாலான கேள்விகளுக்கு நான்கைந்து வாக்கியங்களில் அடங்கும் நேர்மையான விடை இருக்கிறது.

'எண் = எண் + 1' என்பதைப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் பழகிய கண்ணுக்கு இது அப்பட்டமான பொய். வலப்பக்கத்தைக் கணக்கிட்டு விடையை இடப்பக்கப் பெயரிடம் ஒப்படைக்கச் சொல்லும் கட்டளைதான் ஒற்றைச் சமக்குறி, இரண்டும் சமமா என்று கேட்க == இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டியலின் முதல் உறுப்புக்கு ஏன் 0? தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளியிருக்கிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது; முதல் உறுப்பு சற்றும் தள்ளியில்லை. எண்ணிக்கையைச் சுழியத்தில் ஏன் தொடங்க வேண்டும் என்பதற்காகவே கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் தனிக் குறிப்பு ஒன்றை எழுதினார். அவர் உட்கார்ந்து எழுதத் தகுந்தது என்று கருதிய கேள்வியை, வகுப்பில் "அது அப்படித்தான்" என்று கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பைத்தான் என்ற நிரல்மொழியில் 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 என்று வருகிறது. கணினி கெட்டுவிட்டதோ என்று அஞ்சும் மாணவரிடம் "கண்டுகொள்ளாதீர்கள்" என்பது விடையாகாது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம எண்ணில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒரு பங்கு, கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டுமே கொண்டு எழுதும் முறையில்) முடிவின்றி நீள்கிறது. கணினி ஓரிடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்? பணக் கணக்குக்கு நிரல் எழுதப்போகிறவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அதிகமாக அலைக்கழிப்பது மாறி, அதாவது நிரலில் ஒரு மதிப்பைக் குறிக்க நாம் வைக்கும் பெயர். 'மாறி என்பது ஒரு பெட்டி' என்று ஏறக்குறைய எல்லாரும் தொடங்குகிறீர்கள். 'அ' என்ற பட்டியலில் 1, 2, 3 இருக்கின்றன. 'ஆ = அ' என்று எழுதி, ஆ-வில் 4-ஐச் சேர்க்கிறோம். அ-வைத் திறந்து பார்த்தால் அங்கும் 4 நிற்கிறது! இரண்டு பெட்டிகள் என்று நம்பியவருக்கு இதை எப்படி விளங்கவைப்பீர்கள்? பைத்தானில் இருப்பது ஒரே பட்டியல், அதற்கு இரண்டு பெயர்கள். தனி நகல் வேண்டுமென்றால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்த உண்மை தெரியாதவர் நிரலில் எதையோ ஓரிடத்தில் மாற்றிவிட்டு, வேறெங்கோ வெடித்த பிழையைத் தேடித் தேடி, தனக்கு இந்தத் துறை சரிவராது என்ற முடிவுக்கே வந்துவிடுவார். தொடக்கத்தில் தந்த விளக்கம்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. மொழிக்குப் பொருந்தாத விளக்கத்தை எளிமை என்ற பெயரில் தராதீர்கள்.

அடுத்து, கருவிகள். எடிட்டர் எது, இன்டர்பிரெட்டர் எது, டெர்மினல் எது என்று பிரித்துக் காட்டாமலே "ரன் பொத்தானை அழுத்துங்கள்" என்கிறீர்கள். அழுத்தினால் என்ன நடக்கிறது? எடிட்டர் வெறும் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கிறது. இன்டர்பிரெட்டர் அந்தக் கோப்பைப் படித்து இயக்குகிறது. கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினல் கைவிரிக்கும். கிட் வேறு, கிட்ஹப் வேறு என்பதையும் சொல்லுங்கள். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், இணையமே இல்லாத கணினியிலும் நிரலில் செய்த மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும்; கிட்ஹப், அதை இணையத்தில் வைத்துப் பகிர உதவும் தளம்.

பிழைச்செய்தியை வாசிக்கக் கற்றுத்தருவதற்குத் தனி வகுப்பே ஒதுக்கலாம். பைத்தானில் கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக்கூட ஒருவர் சொல்லித்தான் இன்னொருவருக்குத் தெரிகிறது. முன்பு ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் அம்மொழி வேறொரு வரியைக் குற்றம் சொல்லும். 2021-இல் வந்த 3.10 பதிப்பு, மூடப்படாத குறி எது என்றே சுட்டிக்காட்டுகிறது. மொழியை உருவாக்குகிறவர்களே புதியவர்களின் தடுமாற்றத்தை மதித்துத் திருத்திக்கொண்டார்கள்.

உங்கள் அடுத்த பாடத்தின் வரைவில் "பின்னால் புரியும்" எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் காரணத்தை எழுதிவையுங்கள். காரணம் உண்மையிலேயே நீளமானது என்றால், எந்தப் பாடத்தில் சொல்வீர்கள் என்பதையாவது குறிப்பிடுங்கள். காத்திருக்க நாங்கள் தயார்.

அன்புடன்,
நிரலாக்கம் கற்றுவரும் ஒருவர்