ஜாஸ் பேஸ் பிக்கப் செட்டில் உள்ள பழுதும் ஒப்பிட முடியாத ஒலி மாதிரிகளும்: ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஹம் அடங்காத ஜாஸ் பேஸ் பிக்கப் செட்டை மாற்றித் தரக் கோருதல், பிக்கப் ஒலி மாதிரிகளைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் ஜாஸ் பேஸ் என்ற பேஸ் கிட்டாருக்கான பழைய பாணி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் செட் ஒன்று வாங்கினேன். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். கழுத்துப் பக்கம் வரும் நெக் பிக்கப், ஸ்ட்ரிங்குகளின் அடிமுனைப் பக்கம் வரும் பிரிட்ஜ் பிக்கப் இரண்டும் சேர்ந்தது. வந்த செட்டில் பழுது இருக்கிறது. அதை வாங்கத் தூண்டிய ஒலி மாதிரிகளிலும் கோளாறு இருக்கிறது. சேவைப் பிரிவுக்கு முன்பே எழுதினேன். வந்த பதில்கள் பொதுப்படையாக இருந்ததால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன். பிக்கப் சுற்றும் டெக்னீஷியன் யாராவது இதைப் படித்தால் நல்லது.

முதலில் செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. அதில் இருப்பவை இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்கள். ஒன்றின் வால்யூமை மட்டும் திறந்தால் ஹம், அதாவது கரண்டால் வரும் முனகல் இரைச்சல், கேட்கும், அது அந்த வகையின் இயல்பு. இரண்டையும் முழு வால்யூமில் வைத்தால் ஹம் அடங்கிவிட வேண்டும். ஏனென்றால் ஒன்றின் காயில் சுற்று மற்றதற்கு எதிர்த் திசையில் இருக்கும், காந்தமும் தலைகீழாக இருக்கும். காயில்கள் பிடிக்கும் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கின் ஒலி அழியாமல் கூடும். தங்கள் தயாரிப்பு விவரத்திலும் "இரண்டும் முழு வால்யூமில் ஹம் இல்லை" என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வந்த செட்டில் இது நடக்கவே இல்லை. இரண்டையும் திறந்தால் ஹம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. அதே பேஸ், அதே வால்யூம் பாட்கள், அதே ஜாக், அதே ஆம்ப். பழைய பிக்கப்கள் இருந்தவரை இரண்டையும் திறந்ததும் ஹம் அடங்கிவிடும்.

தங்கள் சேவைப் பிரிவு முதலில் சொன்னது, "எர்த் ஒயரைச் சரிபாருங்கள்" என்று.  ஆனால் பேஸைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பி நின்றால்தான் ஹம் ஏறி இறங்குகிறது. காயில் நேராக ஹம்மைப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

அடுத்து, "ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் பற்றவையுங்கள்" என்றார்கள். அதையும் செய்தேன். ஹம் போய்விட்டது. ஆனால் அதோடு பேஸின் கனமான கீழ் ஒலியும் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அடித்தளமே இல்லாமல், மூக்கடைத்த மாதிரி மெலிந்த ஒலிதான் வந்தது. அதாவது சிக்னல் எதிர் ஃபேஸுக்குப் போய்விட்டது, ஒன்றின் அலை மற்றதன் அலையை அழிக்கிறது. ஒயரை மறுபடி பழையபடி பற்றவைத்தால் ஒலி நிறைவாக வருகிறது, ஹம்மும் கூடவே திரும்பி வருகிறது.

இந்த ஒரு சோதனையே போதும். இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து, ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, நெக் பிக்கப்பின் காந்தக் குமிழ்கள்மேல் பிடித்தேன். ஊசியின் சிவப்பு முனை காந்தத்தை நோக்கித் திரும்பியது. பிரிட்ஜ் பிக்கப்மேல் பிடித்தேன். அங்கேயும் அதே சிவப்பு முனைதான் திரும்பியது. எட்டுக் குமிழ்கள் நெக்கில், எட்டு பிரிட்ஜில், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாறும் ஒரே துருவம். காந்தம் இரண்டிலும் ஒன்று, சிக்னலும் ஒரே ஃபேஸில் வருகிறது என்றால் சுற்றின் திசையும் இரண்டிலும் ஒன்றுதான். இப்படிப்பட்ட இரண்டு பிக்கப்களை எந்த விதத்தில் பற்றவைத்தாலும், ஹம் அடங்கி, ஒலியும் நிறைந்து வர வழியே இல்லை. நீளத்தைப் பார்த்தால் நெக் சிறியது, பிரிட்ஜ் சற்று நீளம், அந்த அளவுகள் சரிதான். ஆகவே செட் போடும் இடத்தில் எதிர்ச்சுற்று உள்ள ஜோடிக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அங்கேயே ஒரு திசைகாட்டியை மேலே காட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஹம் கொஞ்சம்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் லைட் மியூசிக் குழுவில் வாசிப்பவன். கல்யாண மண்டப மேடையில் சீரியல் லைட், டிம்மர், வெளியே ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இ ஸ்ட்ரிங்கின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் ஹம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அலை அலையாக உரசுகிறது. இளையராஜா பாடல்களை வாசிக்கும்போது சபையில் பேஸ் லைனை மட்டும் தனியாகக் காதுகொடுத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்த உரசலோடு வாசிக்க முடியாது.

சரி, இது ஒரு பெட்டியில் நேர்ந்த பழுது, மாற்றிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் ஒலி மாதிரிகள் விஷயம் அப்படியல்ல. அவை தங்களிடம் பிக்கப் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரையும் தொடுபவை.

"கேட்டு ஒப்பிடுங்கள்" என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு ஒலிப்பதிவு வைத்திருக்கிறீர்கள். நல்ல ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கே ஒப்பிட வழியே இல்லை. பி வகைப் (பிரிசிஷன் பேஸுக்கான) பிக்கப்பின் மாதிரியை "மோட்டவுன் ஒலி" என்று அழைக்கிறீர்கள். ஒலி அருமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் கேட்பது மேற்பரப்பு வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், அதையும் உள்ளங்கையாலோ ஸ்பான்ஜாலோ அமுக்கி வாசித்தது. விரல் நகரும்போது துளி உரசல் கூட இல்லை. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த அந்தப் புகழ்பெற்ற ஒலிக்கு 1962 பிரிசிஷன் பேஸ் ஒரு காரணம். அதில் இருந்த பழைய ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், பிரிட்ஜ் மூடிக்குள் இருந்த ஸ்பான்ஜ், ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டிய அவருடைய கை எல்லாம் சேர்ந்துதான் அது. அந்த ஒலியைப் பிக்கப் கொடுத்ததாகச் சொல்வது நியாயமில்லை. அடுத்த மாதிரியான ஜாஸ் செட்டில் புத்தம்புது, சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங், விரல் உரசல் பளிச்சென்று கேட்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டுவிட்டு, பிக்கப்பை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்வார்.

நான்கு கம்பிக்கு மட்டுமே விற்கும் "ஹாட்" செட்டின் மாதிரியில் நடுவே ஒரு ஸ்வரம் 31 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்குகிறது. வழக்கமான நான்கு கம்பி பேஸில் கடைசி இ 41 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 31 என்றால் ஐந்து கம்பி பேஸின் பி ஸ்வரம். ஐந்து கம்பிப் பிக்கப்பை வைத்துப் பதிவு செய்தீர்களா, நான்கு கம்பியைக் கீழே இறக்கிச் சுருதி வைத்தீர்களா? எதுவானாலும் அதை எழுதியிருக்க வேண்டாமா? ஸ்டிங்ரே என்ற பேஸின் பாணியில் வரும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) மாதிரியில், பேஸுக்குள் பேட்டரியில் இயங்கி ஒலியைத் தூக்கும் ஆக்டிவ் ப்ரீஆம்ப்பின் ட்ரெபிள் தூக்கல் தெளிவாகக் கேட்கிறது. 1976இல் அந்த பேஸ் வந்தபோதே ப்ரீஆம்ப்போடுதான் வந்தது, அதன் ஒலியில் பாதி அந்த ப்ரீஆம்ப்தான். தாங்கள் விற்பதோ பிக்கப்பை மட்டும்.

60களின் பாணி, 70களின் பாணி என்று இரண்டு ஜாஸ் செட்களை ஒப்பிட்டிருக்கும் இடத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். 70களின் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப்பைக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரே ஒலியைக் கூராக்கிவிடும். தங்கள் இரண்டு மாதிரிகளும் ஒரே பேஸில் பதிவானவையா, அந்தந்தக் காலத்துப் பாணி பேஸ்களில் பதிவானவையா? இரண்டாவது என்றால் மாதிரியில் கேட்பது பிக்கப்பின் இடத்தால் வந்த வேறுபாடு. 60களின் பேஸ் வைத்திருப்பவர் 70களின் பிக்கப்பை வாங்கிப் பொருத்தினால் அந்தக் கூர்மை வராது. காசு போனதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விடத் தவறாகப்படுவது ஒலியளவு. மாதிரிகளை ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பார்த்தேன். விலை ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது. மலிவான செட்டுக்கும் விலை கூடிய செட்டுக்கும் இடையே சராசரி அளவில் நான்கு டெசிபலுக்கு மேல் வித்தியாசம். விலை கூடியதில், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் அமுக்கியதும் அலை வடிவத்திலேயே தெரிகிறது. சற்று உரத்து ஒலிப்பது காதுக்கு இன்னும் நல்லதாகப் படும் என்பது ரெக்கார்டிங் தெரிந்த எல்லோரும் அறிந்தது. இதை அறியாமல் செய்தீர்கள் என்றால் திருத்துங்கள். அறிந்தே செய்தீர்கள் என்றால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

பெட்டியில் வந்த விவரக் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருக்கும் மின்தடை அளவைவிட என் மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. அதில் எனக்குப் புகார் இல்லை. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் அளந்ததைச் சென்னையில் 32 டிகிரி அறையில் அளந்தால் ஐந்து சதவீதம் வரை கூடித்தான் காட்டும். ஆனால் மின்தடையை மட்டும் போட்டுவிட்டு, அதன் கீழே "பேஸ் 7, மிட் 8, ட்ரெபிள் 6" என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது எதற்கு? மெல்லிய ஒயரைக் குறைவாகச் சுற்றினாலும் அதே மின்தடை வரும், ஒலி வேறாக இருக்கும். சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) எத்தனை ஹென்றி, ஒயர் எத்தனை கேஜ், காந்தம் ஆல்னிகோவா செராமிக்கா என்று போட்டிருந்தால் வாசிப்பவருக்கு உபயோகம்.

எங்கள் பகுதியில் பேஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் சர்ச்சிலும் கச்சேரியிலும் வாசித்துச் சேர்த்த பணத்தில்தான் பிக்கப் வாங்குகிறார்கள். ஒரு கடைக்குப் போய் நாலு பிக்கப்பை மாட்டிக் கேட்டுப் பார்க்கும் வசதி இங்கே யாருக்கும் இல்லை. தங்கள் ஒலி மாதிரிதான் அவர்களுக்குக் கடை. அதை நம்பி என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு இப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. தங்கள் வேலைப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். மெழுகு பிடித்த விதம், ஒயர் தரம், நெக் பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் வரும் அந்த உருண்ட ஒலி எல்லாம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. அதனால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் மாற்றிக் கேட்கிறேன்.

எதிர்ச்சுற்றும் எதிர்த் துருவமும் உள்ள பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை, அனுப்பும் முன் நெக் பிக்கப்போடு சேர்த்துச் சோதித்து அனுப்புங்கள். நெக் பிக்கப் தேவை என்றால் அதையும் சேர்த்தே அனுப்பிவைக்கிறேன். போக வர கூரியர் செலவு தங்களுடையது. பற்றவைக்கும் கூலியை நான் கேட்கவில்லை, அதை நானே செய்துகொள்வேன்.

மாதிரிகளைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். பி, ஜாஸ், ஹம்பக்கர் மூன்றையும் ஒரே பேஸில் பொருத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், குழிகளே வேறு. அங்கே எந்த பேஸ், என்ன ஸ்ட்ரிங், எவ்வளவு பழசு, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று எழுதிவிட்டால் போதும். ஆனால் ஜாஸ் செட்கள் எல்லாவற்றையும் ஒரே பேஸில், ஒரே ஸ்ட்ரிங்கில், ஒரே ஆள், ஒரே வரியை வாசித்துப் பதிவு செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆம்ப் இல்லாமல் பேஸை ரெக்கார்டிங்குக்கு இணைக்கும் டிஐ பாக்ஸிலிருந்து நேரே, ஒலியின் தொனியை மாற்றும் ஈக்யூவும் கம்ப்ரசரும் இல்லாமல், ஒலியளவைச் சமமாக்கி வையுங்கள். நெக் மட்டும், பிரிட்ஜ் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்றாகக் கொடுங்கள். பிக்கப்பின் உண்மையான அவுட்புட் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் சமமாக்காத பதிவையும் தனியாக வைத்து அதைக் குறிப்பிடலாம். அதுவரை இப்போதிருக்கும் மாதிரிகளின் மேல் "கேட்டு ஒப்பிடுங்கள்" என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருள், தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய இரண்டின் பேரிலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். திசைகாட்டிச் சோதனையின் வீடியோ, ஒயர் மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த ஒலிப்பதிவு, தங்கள் மாதிரிகளின் ஒலியளவுப் படங்கள், பில் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். வீடியோவில் பிக்கப்பின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் தெரியும். அதே தொகுதியில் வேறு யாருக்கெல்லாம் செட் போயிருக்கிறதோ அவர்களுக்கும் தாங்களே சொல்லி மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.