பேச்சாளருக்குக் கொடுக்கும் காசில் வினாத்தாள் அடியுங்கள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

தொடக்க விழா என்றதும் ஃப்ளெக்ஸ், சால்வை, தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று செலவுக் கணக்கு போட்டுவிடுகிறீர்கள். ஃப்ளெக்ஸ் இல்லாமல் நம் பக்கம் காதுகுத்துகூட நடக்காது, அதை விடுங்கள். பேச்சாளர் மட்டும் வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தன்னம்பிக்கை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. 'நமக்கு இது வராது' என்று நினைப்பவர் கடினமான கேள்வியைக் கண்டதும் பேனாவை வைத்துவிடுவார். ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், அந்நேரத்து உடல்நிலையும் மனநிலையும். வலுவானது முதலாவதுதான். மேடைப் பேச்சு மூன்றாவதில் சேரும். அடுத்த மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அன்றே கரைந்துவிடும்.

இந்த முதல் ஊற்றைத்தான் பல வகுப்புகள் முதல் நாளே அடைத்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பு முடித்து எட்டு வருஷம் ஆனவர் கையில் 200 கேள்வித் தாளைக் கொடுத்து, மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறோம். கடைசியில் பெயர் இருந்தவர் மறுநாள் வருவதில்லை. 'அக்கறை இல்லாதவர்' என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் முதல் இயலை மட்டும் படித்து வரச் சொல்லி, 20 கேள்வி கொடுங்கள். தவறியதை அவரே புத்தகத்தில் தேடட்டும். மூன்றாம் நாள் அதே இயலில் வேறு 20 கேள்வி. இரண்டு மதிப்பெண்ணையும் தன் நோட்டில் அருகருகே எழுதிக்கொள்ளட்டும். 9 என்பது 14 ஆனால், அதற்கு மேல் யாரும் அவருக்கு 'உன்னால் முடியும்' என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் 19 வாங்கும் சுலபமான தாளும் உதவாது. அது காட்டும் தெம்பு பொய்யானது என்று அவருக்கே தெரியும். தமிழில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: குரூப் 4 தேர்வின் தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சி, ஏழு அமர்வுகள். அமர்வுக்கு ஆறு பக்கம் என்று இலக்கு வைத்தவர்களுக்குக் கணக்கும் வந்தது, நம்பிக்கையும் ஆர்வமும் வளர்ந்தன. மொத்தம் 42 பக்கம் என்று தூர இலக்கு வைத்தவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. பயிற்சித் தாள் இருவருக்கும் ஒன்றுதான்.

தவறு நோட்டு ஒன்று கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் வேண்டும்: படிக்காதது, படித்தும் குழம்பியது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. 'பொருந்தாததைத் தேர்க' என்பதைப் 'பொருந்துவது' என்று எடுத்துக்கொண்டு இழக்கும் மதிப்பெண் கொஞ்சமல்ல. காரணம் தெரிந்த தவறை அடுத்த வாரம் திருத்தலாம். காரணம் தெரியாவிட்டால் பழி முழுக்க 'என் மண்டை அப்படி' என்பதன் மேல்தான் விழும்.

'தினமும் மூன்று மணி நேரம் படிப்பேன்' என்ற உறுதிமொழி ஒரு வாரம்கூடத் தாங்காது. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முடிச்சுப் போட வேண்டும்: 'ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பத்துத் திறனறிக் கணக்கு.' தடைக்கும் இப்போதே வழி எழுதட்டும்: கரண்ட் போனால் தவறு நோட்டை மட்டும் புரட்டுவது, சித்திரைத் திருவிழா வாரத்தில் நாளுக்கு 20 கேள்வியோடு நிறுத்துவது.

விருந்தினர் வந்தே ஆக வேண்டுமென்றால், முதல் முயற்சியிலேயே தேறியவரை விட, பக்கத்து ஊரில் மூன்றாவது முறை தேறியவரை அழையுங்கள். இரண்டு தோல்விக்குப் பிறகு படிப்பில் எதை மாற்றினார் என்று மட்டும் கேளுங்கள்.

தேர்வறைப் படபடப்புக்கு அறிவுரை பலிக்காது, பழக்கம் பலிக்கும். 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் கேள்விக்கு 54 விநாடி, விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவதையும் சேர்த்து. கடைசி எட்டு ஞாயிறும் மூன்று மணி நேரம், ஓ.எம்.ஆர் தாளில், கருப்புப் பேனாவோடு உட்கார வையுங்கள்.

மனநிலையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்பவரையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பினர் சுமார் 12,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், 'அறிவு வளரக்கூடியது' என்ற ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம், பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரியை, 4 புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளிதான் உயர்த்தியது. மாலை ஆறு மணிக்குச் சோறு வடிக்க வேண்டிய பெண்ணுக்கு இல்லாதது நேரம். அதைத் தன்னம்பிக்கைக் குறை என்று சொல்லாதீர்கள். கடைசி பஸ் எட்டு மணிக்கு என்றால் வகுப்பு ஏழரைக்கு முடியட்டும்.

விழாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருந்தாலும் நடத்துவீர்கள் என்று தெரியும். சால்வை போர்த்திய கையோடு அந்த முதல் 20 கேள்வியைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வரச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை