கனரக ராக்கெட்டும் சேலத்து எஃகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் ஒன்வெப் இணையச் சேவை நிறுவனத்துக்காக 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் தலா 36 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்ற இஸ்ரோவின் எல்.வி.எம்-3 கனரக ராக்கெட், 2025 டிசம்பர் 24 அன்று சுமார் 6,100 கிலோ எடையுள்ள அமெரிக்க ப்ளூபேர்ட் செயற்கைக்கோளையும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி வெற்றி கண்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இஸ்ரோ மீது வைத்துள்ள நம்பிக்கை மனநிறைவு தருகிறது. ஆனால் இந்தச் செயற்கைக்கோள்கள் சென்றவை தாழ்வான சுற்றுப்பாதைகள். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைப் பாதைக்குச் செல்லும் செயற்கைக்கோள் என்றால் இந்த ராக்கெட்டின் திறன் ஏறத்தாழ 4 டன்தான் என்பதால், 4,700 கிலோ எடையுள்ள நமது ஜிசாட்-20 செயற்கைக்கோளையே 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட் மூலம் அனுப்ப வேண்டியதாயிற்று. மண்ணெண்ணெயையும் கடுங்குளிரான திரவ ஆக்சிஜனையும் கொண்டு இயங்கும் அரை கிரையோஜெனிக் எஞ்சினை விரைந்து முடிப்பதே இக்குறையைத் தீர்க்கும்.

இதில் சேலத்துக்கும் பங்குண்டு. எல்.வி.எம்-3இன் மேல் அடுக்கில் உள்ள சி.இ-20 எஞ்சின் பாகங்களுக்கான சிறப்புத் துருப்பிடிக்காத எஃகு, கஞ்சமலை அருகேயுள்ள சேலம் உருக்காலையில் உருவானது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன் பாயும் எஞ்சினுக்கு ஏற்ற தகட்டை உருட்டித் தருவது எளிய வேலையன்று. அதைச் செய்த தொழிலாளர்களை இவ்வூரிலேயே பலர் அறியார் என்பது வருத்தமளிக்கிறது. அடுத்த தலைமுறை ராக்கெட்டுகளுக்கான எஃகையும் இவ்வாலையிலேயே தயாரிக்க, நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் செய்யுமாறு மத்திய அரசை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்