கொரில்லாவைக் கண்டால் ஓடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்பில் வந்த கொரில்லா கட்டுரையைப் படித்தேன். 'கொலைவெறி அரக்கன்' என்ற தலைப்பைக்கூட விட்டுவிடலாம், ஆனால் 'எதிரே வந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுங்கள்' என்று முடித்திருந்தீர்களே, அதை நம்பி ஓடுகிறவன்தான் முதுகிலோ தொடையிலோ கடி வாங்குவான்.

என் மச்சான் கம்பாலாவில் வேலை பார்க்கிறார். சில வருஷம் முன்பு அவர் தயவில் உகாண்டாவின் புவிண்டி காட்டுக்குப் போய் மலைக் கொரில்லாக்களைப் பார்த்தேன் (அனுமதிச் சீட்டு எவ்வளவு என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை). ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளில் 8 பேர்தான், ஒரு மணி நேரம்தான். நாங்கள் போனபோது முதுகு வெளுத்த பெரிய ஆண் கொரில்லா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழைத்தண்டுக்கு நார் எடுக்கிற மாதிரி ஏதோ ஒரு தண்டை உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தது. எங்களில் ஒருவர் சறுக்கி விழ, கிளை ஒன்று படாரென்று முறிந்தது. அவ்வளவுதான். முதலில் 'ஹூ ஹூ' என்று வேகமெடுத்த குரல், அப்புறம் எழுந்து நின்று மார்பில் அடி, அதுவும் சினிமாவில் வருகிற மாதிரி முஷ்டியால் இல்லை, குவித்த உள்ளங்கையால் பொக் பொக் பொக்கென்று. பிறகு செடிகளை முறித்துக்கொண்டு எங்களை நோக்கி ஒரே ஓட்டம்.

என் கால் தானாகவே திரும்பிவிட்டது. வழிகாட்டி என் தோளைப் பிடித்து அமுக்கிச் சேற்றில் உட்காரவைத்தார். தலையைக் குனி, கண்ணைப் பார்க்காதே, அசையாதே. அவர் மட்டும் தொண்டையைச் செருமுவதுபோல 'ம்ம்... ம்ம்' என்று முனகினார். நிம்மதியாக மேயும்போது அவை தங்களுக்குள் போடுகிற சத்தமாம் அது. சில அடி தள்ளி நின்ற அந்த ஆண், பக்கவாட்டில் திரும்பி நின்று கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு மறுபடி தண்டு உரிக்கப் போய்விட்டது.

எங்கள் ஏரியாவில் இப்படி வெறுமனே மிரட்டுவதற்கு 'சவுண்டு விடுறது' என்று பெயர். வடசென்னையில் பாக்சிங் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகாது. உடம்பு பெருத்த ஆணின் மார்பொலி தாழ்ந்த சுருதியில் வருமாம், அதைக் கேட்டே எதிராளி ஆளை எடைபோட்டு ஒதுங்கிவிடலாம், கைகலப்புக்கே வேலையில்லை. அதற்காக அதைச் சாது என்று சொல்ல வரவில்லை. 160 கிலோவுக்கு மேல் இருக்கிற மிருகம், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்றால் சும்மா விடாது.

2016இல் அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில், சிறுவன் ஒருவன் அடைப்புக்குள் விழுந்ததால் சுட்டுக் கொல்லப்பட்ட கொரில்லாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய கட்டுரையாளர், 1986இல் ஜெர்சி தீவு விலங்குக்காட்சி சாலையில் தவறி விழுந்து மயங்கிக் கிடந்த சிறுவனுக்கு ஜாம்போ என்ற ஆண் கொரில்லா காவல் நின்றதை ஏன் விட்டார்?

இன்னொன்று, நம்மால் அவற்றுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. மனிதச் சளியும் இருமலும் தொற்றினால் கொரில்லா சாகும். 2018 கணக்குப்படி மலைக் கொரில்லாக்கள் மொத்தமே 1,063. அதனால்தான் முகக்கவசம், 10 மீட்டர் இடைவெளி எல்லாம். எங்களோடு வந்த ஒருவர் காலையில் இரண்டு முறை இருமியதற்கே அடிவாரத்தோடு நிறுத்திவிட்டார்கள், பாவம், அவரும் அதே பணத்தைக் கட்டியவர்.

அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த படம் கொரில்லா இல்லை. காது அவ்வளவு பெரிதாக இருந்தால் அது சிம்பன்சி.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை