ஊரைக் காலி செய்தது கொள்ளைநோயா, ஆட்டு மந்தையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஆளொழிந்துபோன இடைக்காலக் கிராமங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும், யார்க்‌ஷயரிலுள்ள ‘வாரம் பெர்சி’ கிராமத்தை 1348-49 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் அடியோடு அழித்துவிட்டது என்று அதில் எழுதியிருப்பது சான்றுகளோடு பொருந்தவில்லை.

நோய் அவ்வூரை நலியச் செய்தது உண்மைதான். ஆனால், அதற்குப் பின்னும் ஏறத்தாழ 150 ஆண்டுகள் அங்கே மக்கள் குடியிருந்தனர். ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்து, கம்பளிக்கும் நல்ல விலை கிடைத்தபோது, உழவைவிட ஆடு வளர்ப்பதே ஆதாயம் என்று நிலவுடைமையாளர்கள் கருதினர். 1500 ஆம் ஆண்டை ஒட்டி, ஹில்டன் குடும்பத்து நிலப்பிரபு எஞ்சியிருந்த குடும்பங்களையும் வெளியேற்றி, விளைநிலத்தை மேய்ச்சல் நிலமாக்கினார். ஊர்களை இவ்வாறு காலி செய்வதைத் தடுக்க ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் 1489 இல் சட்டமே இயற்றப்பட்டிருந்தும் இது நடந்தது என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே அகழாய்வு நடத்தினர். சிறு குழிகளோடு நின்றுவிடாமல், பெரும் பரப்பைத் திறந்து மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததால், ஒரே மனையில் வீடுகள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது தெரியவந்தது. இன்றும் புல்வெளியில் மனைகளின் மேடுகளையும், நடந்து நடந்து பள்ளமாகிப்போன தெருக்களையும் காணலாம்.

இவற்றைவிடத் தெளிவாகப் பேசுவது, கூரையின்றி நிற்கும் புனித மார்ட்டின் தேவாலயம். ஊர் செழித்த காலத்தில் அதன் இருபுறமும் கட்டிய பக்கக் கூடங்கள், மக்கள் தொகை குறைந்த பின் இடிக்கப்பட்டன; அவற்றுக்குத் திறந்திருந்த வளைவுகளைக் கல்வைத்து அடைத்திருப்பது வெளிச்சுவரில் அப்படியே தெரிகிறது. ஒரே வீச்சில் அழிந்த ஊரில் கோயிலைச் சுருக்கிக் கட்ட யார் இருந்திருப்பார்கள்? ஊர் போன பின்னும் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் இருபதாம் நூற்றாண்டு வரை அங்கே வழிபட்டு வந்தனர் என்பது தனிச் செய்தி.

இங்கிலாந்தில் இத்தகைய ஊர்கள் மூவாயிரத்துக்கும் மேல் என்பார்கள். அவை அனைத்துக்கும் ஒரே காரணத்தைச் சொல்லாமல், அவற்றுள் சிலவற்றையேனும் தனித்தனியே ஆராய்ந்து எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்